ஆற்றைக் கடந்த பிறகு இரண்டாம் கியரைத் தாண்ட மறுக்கும் ஆட்டோமேட்டிக்: கோளாறு கியர்பாக்ஸிலா, கம்ப்யூட்டரிலா?

சேற்றுத்தடம்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1994 ஜீப் செரோக்கி, 4.0 லிட்டர் பெட்ரோல், ஏடபிள்யூ4 நாலு கியர் ஆட்டோமேட்டிக். சமீபத்தில் ஓர் ஆற்றை இறங்கிக் கடந்தோம். தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேலேயும் கதவுக்குக் கொஞ்சம் கீழேயும் நின்றது. அன்றைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த நாளிலிருந்துதான் ஆரம்பித்தது.

காலையில் எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. கொஞ்ச தூரம் போனதும் சில நேரம் டி-யில் இருக்கும்போதே இரண்டாம் கியருக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கே எஞ்சின் கத்துகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பிறகு எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியவில்லை. டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே கிளட்ச் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்" என்றார்கள். மீட்டர் வைத்து எதையும் பார்க்கவில்லை. ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்கும் முன் நானாகவே எதை எதைப் பார்க்கலாம்?

அழுத்தமானி

வேறு எதைத் தொடுவதற்கும் முன்னால் ஆயில். தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் இதுதான் முதல் வேலை. டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த ரோஜா நிறத்தில் நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியென்றால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகித வகை உராய்வுப் பொருள். தண்ணீர் பட்டால் அது ஊறி, பசை விட்டுக் கழன்று வரும். கருகிய வாடை அடித்தால் அது வேறு கதை.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாகச் சூடேறிய கியர்பாக்ஸ் திடீரென்று குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப பிரீதர் குழாய் (பெட்டி மூச்சுவிடும் குழாய்) வழியாகக் காற்றை இழுக்கும். குழாயின் முனை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை.

சேற்றுத்தடம்

துடைத்துப் பார்த்தேன். சிவப்புதான், கொஞ்சம் பழுப்பு ஏறியிருக்கிறது, நுரை இல்லை, கருகல் வாடை இல்லை. அளவும் சூட்டில் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறது.

பழைய ஸ்பானர்

அப்போ நல்ல சேதி. இப்ப ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கணும். கம்ப்யூட்டர் மூணாம் கியரைக் கேட்டு கியர்பாக்ஸ் குடுக்கலையா, இல்ல கம்ப்யூட்டர் கேட்கவே இல்லையா? இதுக்கு விடை தெரியாம எவன் பெட்டியை இறக்கச் சொன்னாலும் தலையாட்டாதீங்க.

ஏடபிள்யூ4-ல இதைப் பிரிச்சுப் பார்க்க அருமையான வழி இருக்கு. டிசியு, அதாவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் போற ஃபியூஸை உருவிடுங்க. எந்த ஃபியூஸ்னு உங்க வருஷத்துக் கையேட்டுல பாருங்க, வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். ஃபியூஸ் இல்லேன்னா சோலனாய்டுகளுக்கு, அதாவது கியரை மாத்துற மின் வால்வுகளுக்கு, மின்சாரம் கிடையாது. பெட்டி வெறும் ஆயில் அழுத்தத்துலயும் உங்க கை லிவர்லயும் மட்டும் ஓடும். அந்த நிலையில:

லிவர் 1-2ல இருந்தா முதல் கியர். 3ல வெச்சா மூணாம் கியர். டி-யில வெச்சா நாலாம் கியர். ரிவர்ஸ் வழக்கம்போல.

1-2ல கிளம்பி, கொஞ்சம் வேகம் எடுத்ததும் 3க்குத் தள்ளி, அப்புறம் டி-க்குத் தள்ளுங்க. ரெண்டாம் கியர் இந்த முறையில வராது, அதனால முதல்ல இருந்து மூணுக்குப் போறப்போ எஞ்சின் சட்டுனு இறங்கும், அது இயல்பு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: வேகத்துல போய்க்கிட்டு இருக்கிறப்போ லிவரை 1-2க்கு இழுத்துடாதீங்க. கம்ப்யூட்டர் இல்லாததால தடுக்க ஆள் இல்லை, நேரா முதல் கியர்ல போய் விழும், எஞ்சின் எகிறிடும்.

மூணு இடத்துலயும் வழுக்காம இழுத்துச்சுன்னா கிளட்ச், பம்ப் எல்லாம் உசுரோட இருக்குன்னு அர்த்தம். அப்புறம் நாம தேட வேண்டியது கம்பியில.

ஓம்விதி

ஸ்பானர் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். அதோடு இரண்டு கேள்விகள், பதிலை யோசிக்காமல் சொல்லுங்கள். வண்டி பி-யில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறதா? ரிவர்ஸ் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு தவறாமல் எரிகிறதா?

அழுத்தமானி

ஃபியூஸ் சோதனையை மறுக்கவில்லை. ஆனால் அது முழுத் தீர்ப்பு இல்லை. அதில் இரண்டாம் கியர் வருவதே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். சோலனாய்டு அடியில் இருக்கும் வால்வு பாடியில் (ஆயிலைத் திருப்பிவிடும் பாகம்) ஒரு ஸ்பூல், அதாவது நகரும் வால்வுத் தண்டு, சிக்கிக்கொண்டால், கம்ப்யூட்டர் சரியாகக் கேட்டும் கியர் மாறாது. ஆற்று மணல் போய்விட்டால் சிக்கும். அதனால் லைன் பிரஷரையும் (பெட்டிக்குள் ஆயிலின் அழுத்தம்) பாருங்கள். கையில் கேஜ் இல்லாவிட்டால் குறைந்தபட்சம் தாமதச் சோதனை. எஞ்சின் சூடாக, ஐடிலில், கை பிரேக் இழுத்து, என்-னிலிருந்து டி-க்குத் தள்ளி, வண்டி "தொப்" என்று பிடிக்கும் வரை நேரம் எடுங்கள். இதன் நெருங்கிய உறவான டொயோட்டா ஏ340 பெட்டிக்குக் கையேடு சொல்வது என்-னிலிருந்து டி-க்கு 1.2 விநாடிக்குள், என்-னிலிருந்து ஆர்-க்கு 1.5 விநாடிக்குள். அதற்கு மேல் இழுத்தால் அழுத்தம் குறைவு அல்லது கிளட்ச் தேய்மானம்.

ஸ்டால் டெஸ்ட் (கியரில் வைத்து, பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது) செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், ஐந்து விநாடிக்கு மேல் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் எஞ்சின் தரும் சக்தி முழுவதும் டார்க் கன்வர்ட்டருக்குள் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) சூடாகத்தான் மாறுகிறது.

சேற்றுத்தடம்

ஃபியூஸை உருவிவிட்டுக் காலியான சாலையில் ஓட்டிப் பார்த்தேன். 1-2ல் முதல் கியர் நன்றாக இழுக்கிறது. 3, டி இரண்டிலும் ஒரு வழுக்கலும் இல்லை. சரிவில் ஏற்றியும் பார்த்துவிட்டேன். என்-னிலிருந்து டி-க்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஓம்விதி கேட்ட கேள்விக்கு: ஆமாம், பி-யில் சாவியைத் திருப்பினால் சில நேரம் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை. லிவரைக் கொஞ்சம் ஆட்டினால் பிடித்துக்கொள்கிறது. என்-னில் வைத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பாட்டரி கனெக்‌ஷனாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று சுவரில் வெளிச்சம் பார்த்தேன், ஒரு தடவை எரிந்தது, அடுத்த தடவை எரியவில்லை.

ஓம்விதி

அப்படியானால் எனக்கு முதல் சந்தேகம் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச். பெயரைப் பார்த்து இது ஸ்டார்ட்டருக்கு மட்டும் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் இந்த ஒரே சுவிட்ச்தான் மூன்று பேருக்குச் சேதி சொல்கிறது. பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட்டரை அனுமதிக்கிறது. ஆர்-ல் பின்விளக்கை எரிய வைக்கிறது. லிவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று டிசியுவுக்குச் சொல்கிறது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், லிவர் தண்டின் மேலேயே, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஆற்றில் இறங்கினால் முதலில் குளிப்பதும் அதுதான்.

உள்ளே ஈரமும் சேறும் புகுந்து பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும்? நீங்கள் டி-யில் வைத்திருக்கிறீர்கள். டிசியுவுக்கு "1-2" என்று சேதி போகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்து இரண்டாம் கியரோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் கணக்கில் எந்தப் பிழையும் நடக்கவில்லை.

டாஷ்போர்டில் விளக்கு எரியாததை வைத்து நிம்மதி அடையவும் கூடாது. இந்த வருஷத்து வண்டி ஓபிடி-2 (ஸ்கேனரில் கோளாறு எண் வாசிக்கும் பொது முறை) வருவதற்கு முந்தையது. எஞ்சின் விளக்கு எஞ்சினுக்கானது. சாதாரண ஸ்கேனரைச் செருகி எதையும் வாசிக்க முடியாது.

பழைய ஸ்பானர்

சாவியை அணைச்சு மறுபடி போட்டா சரியாகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. சாவியை அணைக்க லிவரை பி-க்குக் கொண்டு போறீங்க. திரும்ப டி-க்கு இழுக்கிறீங்க. சரிபண்றது சாவியா, லிவரோட அசைவா? அடுத்த தடவை கோளாறு வந்தா எஞ்சினை அணைக்காதீங்க. வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லிவரை பி-லேருந்து 1-2 வரைக்கும் நாலஞ்சு தடவை மெதுவா கொண்டு போயிட்டு வாங்க. அதுலயே சரியாச்சுன்னா சுவிட்ச் உள்ள தகடு தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒட்டுது. ஆகலைன்னா வேற இடம் தேடுவோம்.

மேட்டுவண்டி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மெர்சிடிஸின் 722.6 ஐந்து கியர் பெட்டி. இதே மாதிரி இரண்டாம் கியரிலேயே நின்றுவிடுகிறது. அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் சரியாகிறது. எனக்கும் இதே சுவிட்சா?

ஓம்விதி

இல்லை, பெட்டியின் குணமே வேறு. 722.6-ல் இரண்டாம் கியரில் நிற்பது பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் அவசர நிலை. கோளாறு தெரிந்ததும் கம்ப்யூட்டர் கைவிடுகிறது. நிறுத்தி அணைத்து, பத்து விநாடி விட்டு எடுத்தால் டி-யில் இரண்டாம் கியரும், ஆர்-ல் ரிவர்ஸும் மட்டும் தரும். கோளாறு நிரந்தரமாக இல்லாவிட்டால் முழுவதும் திரும்பிவிடும்.

அதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, பெட்டியின் பக்கவாட்டில் 13 ஊசி கனெக்டர் செருகும் பிளாஸ்டிக் குழல். அதன் ஓ-ரிங் இறுகிப்போனால் ஆயில் கசிந்து கனெக்டருக்குள் போகும். அங்கிருந்து கம்பி இழைகளுக்கு நடுவே ஊறி ஊறி மேலே ஏறி, கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விடும். கம்ப்யூட்டரின் கனெக்டரைக் கழற்றி உள்ளே விரலை வைத்துப் பாருங்கள், சிவப்பு ஆயில் ஒட்டினால் அதுதான். இரண்டு, வால்வு பாடிக்கு மேலே இருக்கும் கண்டக்டர் பிளேட். வேக சென்சார்கள் இரண்டும் அதில்தான். ஒன்று விட்டு விட்டு இறந்தாலும் பெட்டி அவசர நிலைக்குப் போகும். ஸ்கேனரில் என்2, என்3 என்ற அந்த இரண்டு சென்சார்களின் வேகங்களை ஓட்டிக்கொண்டே கவனியுங்கள்.

ஸ்கேனரில் பி, என் நிலையில் ஆயில் சூடு தப்பாகக் காட்டினால் பதற வேண்டாம். அந்த சூடு சென்சாரும் ஸ்டார்ட்டர் தடுப்புத் தொடர்பும் ஒரே கம்பியில் தொடராக இருக்கின்றன. டி அல்லது ஆர் போட்டால்தான் உண்மையான சூடு தெரியும். மேற்கொண்டு தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

சேற்றுத்தடம்

ஸ்பானர் அண்ணே, இன்றைக்குக் கோளாறு வந்தது. எஞ்சினை அணைக்காமல் லிவரை மட்டும் ஆட்டினேன். சரியாகிவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடி வந்தது, மறுபடி ஆட்டினேன், மறுபடி சரி. ஆனால் அழுத்தமானி சொன்ன ஸ்பூல் சந்தேகம் மனசில் இருக்கிறது. லிவரை ஆட்டினால் வால்வு பாடிக்குள் மேனுவல் வால்வும்தானே நகர்கிறது? அதனால் அழுக்கு விலகியிருக்கலாமே?

அழுத்தமானி

சரியான கேள்வி. அதைத்தான் நானும் எழுத வந்தேன். லிவர் அசைவு இரண்டையும் ஒன்றாக நகர்த்துகிறது. அதை மட்டும் வைத்து சுவிட்ச் மேல் பழி போட முடியாது.

ஓம்விதி

ஒப்புக்கொள்கிறேன், அது போதாது. இதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை ஒன்று இருக்கிறது.

டிசியுவிலிருந்து மூன்று சோலனாய்டுகளுக்கு மூன்று கம்பிகள் போகின்றன. டிசியு அந்தக் கம்பிகளில் 12 வோல்ட் அனுப்பினால் சோலனாய்டு வேலை செய்யும். சோலனாய்டின் மறுமுனை பெட்டியின் உடம்பிலேயே எர்த். மூன்று கம்பிகளிலும் ஆளுக்கொரு சின்ன எல்இடி, அதற்கேற்ற ரெசிஸ்டரோடு, எர்த்துக்கு இணைத்து டாஷ்போர்டு மேல் ஒட்டுங்கள். பெரிய பல்பு போடாதீர்கள், டிசியுவுக்குக் கூடுதல் சுமை. இப்போது கம்ப்யூட்டர் என்ன கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டலாம்.

முதல் கியரில் முதல் விளக்கு மட்டும் எரியும். இரண்டாம் கியரில் ஒன்றும் இரண்டும் சேர்ந்து எரியும். மூன்றாம் கியரில் முதலாவது அணைந்து இரண்டாவது மட்டும் நிற்கும். நாலாம் கியரில் இரண்டும் அணைந்துவிடும். மூன்றாவது விளக்கு டார்க் கன்வர்ட்டர் லாக்-அப், அதாவது கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்வது. ஸ்பானர் அண்ணன் சொன்ன ஃபியூஸ் சோதனையில் டி-யில் ஏன் நாலாம் கியர் வருகிறது என்பதும் இதிலேயே புரியும்: இரண்டும் அணைந்த நிலை அது.

கோளாறு வரும் நேரத்தில் விளக்குகள் "இரண்டாவது மட்டும்" என்று காட்டி, பெட்டி இரண்டாம் கியரிலேயே நின்றால் அழுத்தமானி சொல்வது சரி, குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறான். விளக்குகள் "ஒன்றும் இரண்டும்" என்றே எரிந்துகொண்டிருந்தால் கம்ப்யூட்டரே இரண்டாம் கியரைத்தான் கேட்கிறது.

கனெக்டரைக் கழற்றும்போதே சோலனாய்டு கம்பி ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் பார்த்துவிடுங்கள். 11 முதல் 15 ஓம் வரை வந்தால் சரி. ஒன்றில் மட்டும் வித்தியாசமாக வந்தால் அந்தக் கம்பியைப் பெட்டி வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போங்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்திலும் குறுக்குச் சட்டத்தின் விளிம்பிலும் இன்சுலேஷன் உரிந்திருக்கும். மூன்றிலும் சேர்ந்தாற்போல் கூடுதலாக வந்தால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைத் தேய்த்து மாட்டுங்கள்.

சேற்றுத்தடம்

ஓம் பார்த்தேன்: 13.1, 13.0, 13.4. விளக்குகளை ஒட்டி ஓட்டினேன். நன்றாக இருக்கும்போது நீங்கள் சொன்ன வரிசைதான். ஒன்று எரிந்தது, இரண்டும் எரிந்தன, இரண்டாவது மட்டும், பிறகு இரண்டும் அணைந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடுத்த நொடியே எஞ்சின் சத்தம் இறங்கியது.

அப்புறம் மேடு பள்ளமான ஒரு பாதையில் கோளாறு வந்தது. இரண்டு விளக்கும் விடாமல் எரிந்தன. 65 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அப்படியே. லிவரை டி-யில் வைத்தபடியே, அதை இடம் மாற்றாமல், விரலால் முன்னும் பின்னும் லேசாக அழுத்தினேன். முதல் விளக்கு அணைந்தது, உடனே மூன்றாம் கியர் விழுந்தது. விரலை எடுத்ததும் மறுபடி இரண்டும் எரிந்தன. பக்கத்தில் இருந்தவர் வீடியோ எடுத்திருக்கிறார்.

அழுத்தமானி

போதும். இதற்குமேல் கேஜ் தேவையில்லை. கேட்டதைப் பெட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சுவிட்சைக் கழற்றுங்கள்.

பழைய ஸ்பானர்

கழட்டுற முறை சொல்றேன். வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, பாட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு அடியில போங்க. லிவர் தண்டுல இருக்கிற கையைக் கழட்டுங்க. அதுக்கு அடியில ஒரு நட், அதுக்குக் கீழ நாக்கு மடிச்ச வாஷர் இருக்கும். அந்த நாக்கை ஸ்க்ரூடிரைவரால நிமிர்த்தாம நட்டைத் திருப்பாதீங்க, பிய்ஞ்சிடும். சுவிட்சைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுவிட்ச் எந்த இடத்துல நிக்குதுன்னு பெட்டி மேலயும் சுவிட்ச் மேலயும் சேர்த்து ஒரு கோடு கிழிச்சுக்கோங்க. துருப்பிடிச்சு தண்டோட ஒட்டியிருந்தா சுத்தியல் எடுக்காதீங்க. ஊடுருவுற எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க. பிளாஸ்டிக் உடம்பு, ஓங்கி அடிச்சா பொளந்துரும்.

வெளியில எடுத்ததும் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே மீட்டரை கன்டின்யூட்டில வெச்சு, தண்டைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு இடத்துலயும் எந்த ஊசிக்கும் எந்த ஊசிக்கும் தொடர்பு வருதுன்னு எழுதிக்கோங்க. சுத்தம் பண்ணினதுக்கு அப்புறமும் ஒரு தடவை எழுதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா உங்களுக்கே தெரியும்.

திரும்ப மாட்டுறப்போ லிவர் என்-ல இருக்கணும். தண்டோட இடமும் சுவிட்ச் மேல இருக்கிற நியூட்ரல் கோடும் நேருக்கு நேர் வந்ததும் போல்ட்டை இறுக்குங்க. அது கொஞ்சம் பிசகினாலும் பழையபடி பி-ல ஸ்டார்ட் ஆகாது.

சேற்றுத்தடம்

கழற்றிவிட்டேன். மூடியைத் திறந்ததும் ஒரு சொட்டுக் கலங்கல் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, அதன் மேல் நுண்மணல் படிந்திருந்தது. செம்புத் தகடுகளில் டி-க்கும் 1-2க்கும் நடுவே பச்சை பூத்திருக்கிறது, தகட்டின் விளிம்பைத் தாண்டி பிளாஸ்டிக் மேலேயும் படர்ந்திருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முன்பு மீட்டரில் டி நிலையில் தொடர்பே வரக்கூடாத இரண்டு ஊசிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சம் ஓம் காட்டியது, தண்டை அழுத்தினால் மறைந்தது.

கான்டாக்ட் கிளீனர் அடித்து, பச்சையை மெல்லிய நைலான் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். உப்புத்தாள் போட மனம் வரவில்லை. தகடுகள் தேய்ந்திருந்தாலும் குழி விழவில்லை. இப்போது எல்லா நிலையும் சுத்தமாகக் காட்டுகிறது. டைஎலக்ட்ரிக் கிரீஸை எவ்வளவு வைக்கலாம்?

ஓம்விதி

தகடுகள் தொட்டுக்கொள்ளும் பரப்பில் மெல்லிய படலம் போதும். மூடியின் ஓரத்தைச் சுற்றியும் கனெக்டரின் ரப்பர் சீலைச் சுற்றியும் தாராளமாக வையுங்கள், தண்ணீர் புகும் வழி அதுதான். உப்புத்தாள் வேண்டாம் என்றது நல்ல முடிவு. கீறல் விழுந்த செம்பில் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும்.

சேற்றுத்தடம்

மாட்டி ஓட்டிவிட்டேன். பி-யில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். ரிவர்ஸ் விளக்கு தவறவில்லை. அதே மேடு பள்ளப் பாதையில் நாலு கியரும் வரிசையாக வருகின்றன. அந்த ஒர்க்‌ஷாப் சொன்னபடி இறக்கியிருந்தால் நல்ல பெட்டியைப் பிரித்திருப்பார்கள், கோளாறு வெளியிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஒரு சின்ன பாக்கி. 75 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரே இடத்தில் வைத்து ஓட்டினால் டேக்கோ முள் 200, 300 ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது. அப்போது மூன்றாவது விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. இது முன்பே இருந்ததா, இப்போது விளக்கு இருப்பதால் கண்ணில் படுகிறதா என்று தெரியவில்லை.

அழுத்தமானி

கியர் மாறும் நேரமோ லாக்-அப் நேரமோ ஆட்டம் கண்டால் சிலர் உடனே த்ராட்டில் வால்வு கேபிளைத் திருகுவார்கள். இந்தப் பெட்டியில் கேபிள் லைன் பிரஷரை மட்டுமே கூட்டிக் குறைக்கிறது. எப்போது மாற்றுவது என்பதை டிசியு, வேக சென்சாரையும் டிபிஎஸ்-ஐயும் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) பார்த்து முடிவு செய்கிறது. கேபிள் தளர்ந்தால் மாற்றம் வழுக்கலாக வரும், இறுகினால் உதையாக வரும், நேரம் மாறாது. உங்களுக்கு மாற்றங்கள் நன்றாக இருக்கின்றன என்றால் கேபிளில் கை வைக்காதீர்கள்.

ஓம்விதி

லாக்-அப் ஆட்டத்துக்கு மூன்று பேரை விசாரிக்க வேண்டும்.

பிரேக் சுவிட்ச்: பிரேக்கை மிதித்தால் லாக்-அப் விலக வேண்டும் என்பது விதி. சுவிட்ச் சரியாக அமராமல், பெடலை மிதிக்காமலே மிதித்ததாகச் சொன்னால் லாக்-அப் வந்து வந்து போகும். பெடலைக் காலின் மேல்புறத்தால் மேலே தூக்கிப் பிடித்து ஓட்டிப் பாருங்கள், ஆட்டம் நின்றால் சுவிட்ச்.

ஆல்டர்னேட்டர்: உள்ளே டயோடு ஒன்று போனால் நேர்மின்சாரத்தோடு அலைமின்சாரம் கலந்து வரும். அந்த இரைச்சல் சென்சார் கம்பிகளில் ஏறி டிசியுவைக் குழப்பும். எஞ்சின் ஓடும்போது, விளக்குகளைப் போட்டுவிட்டு, பாட்டரியில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம்.

டிபிஎஸ்: எனக்கு அதிக சந்தேகம் இதன் மேல். நெடுஞ்சாலையில் கால் எப்போதும் நிற்கும் அந்த ஒரே இடத்தில்தான் உள்ளே இருக்கும் கார்பன் தடம் முதலில் தேயும். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், சிக்னல் கம்பியில் வோல்ட் பார்த்துக்கொண்டே த்ராட்டிலை மிக மெதுவாகத் திறங்கள். முள் வைத்த பழைய மீட்டர் இதற்கு நல்லது. டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றும் இடைவெளியில் சின்னச் சரிவு தப்பிவிடும். முள் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். நடுவில் எங்காவது விழுந்து எழுந்தால் டிபிஎஸ்-ஐ மாற்றுங்கள்.

1990 வரைக்கும் வந்த பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: அதில் ஆட்டோமேட்டிக் வண்டியின் டிபிஎஸ்-க்கு எஞ்சினுக்கு ஒன்று, டிசியுவுக்கு ஒன்று என்று இரண்டு கனெக்டர் உண்டு. எஞ்சின் பக்கம் சரியாக இருந்தும் கியர் பக்கம் தப்பாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சேற்றுத்தடம்

பாட்டரியில் ஏசி 0.03. பெடலைத் தூக்கிப் பிடித்தும் ஆட்டம் நிற்கவில்லை. முள் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி டிபிஎஸ் பார்த்தேன். கால்வாசித் திறப்புக்குக் கொஞ்சம் கீழே முள் சட்டென்று பூஜ்யத்தை நோக்கி விழுந்து எழுகிறது. அந்த இடத்தை முன்னும் பின்னும் கடந்தால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். புது டிபிஎஸ் மாட்டியதும் மூன்றாவது விளக்கு எரிந்தபடி நிற்கிறது, டேக்கோ அசையவில்லை.

கரடுமுரடு

நல்ல இழை. என்னிடம் இருப்பது ஏ340 பெட்டி வைத்த பழைய டொயோட்டா 4x4. ஓவர்டிரைவ் ஆஃப் விளக்கு தானாகவே மினுக்குகிறது. இதே எல்இடி வேலை செய்ய வேண்டுமா?

ஓம்விதி

உங்களுக்கு அந்த விளக்கே பேசும். எஞ்சின் அறையில் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, சாவியைப் போடுங்கள். விளக்கு எண்ணி மினுக்கும். 42, 61 இரண்டும் வேக சென்சார்கள். 62 முதல் சோலனாய்டு, 63 இரண்டாவது, 64 லாக்-அப். தொடர்ந்து சீராக மினுக்கினால் பதிவான கோளாறு இல்லை. எந்த எண் வந்தாலும் உடனே பொருளை மாற்றாமல் அந்தக் கம்பியை ஓம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 62 என்பது அந்தச் சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சோலனாய்டாகவும் இருக்கலாம், தண்ணீர் புகுந்த கனெக்டராகவும் இருக்கலாம்.

ஓபிடி-2 வண்டிக்காரர்களுக்கும் இதே பேச்சுதான். மலிவு ஸ்கேனரில் பி0700 வந்தால் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் போய்க் கேள்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரையே வாசிக்கும் கருவி வேண்டும். பி0705 என்றால் இந்த இழையில் பேசிய சுவிட்ச் வகை, பி0720 என்றால் வெளியேறும் தண்டின் வேக சென்சார், பி0740 என்றால் லாக்-அப்.

அழுத்தமானி

சேற்றுத்தடம், அடுத்த ஆற்றுக்கு முன்னால் பிரீதர் குழாயை நீட்டிவிடுங்கள். எஞ்சின் அறையில் ஏர் ஃபில்டர் உயரத்துக்குக் கொண்டு போய், முனையில் ஒரு சின்ன ஃபில்டரைச் செருகினால் போதும். வழியில் குழாய் மடங்கி நசுங்கக்கூடாது, எக்ஸாஸ்டைத் தொடக்கூடாது. கரைக்கு வந்ததும் பெட்டி சூடாக இருந்தால் இறங்கும் முன் கொஞ்ச நேரம் நின்று ஆறவிடுங்கள். ஆயில் மாற்றும்போது டெக்ஸ்ரான் 3 வகை ஊற்றுங்கள், ஏடிஎஃப்+4 இந்தப் பெட்டிக்கு அல்ல. தட்டைக் கழற்றினால் ஏறக்குறைய பாதி ஆயில்தான் இறங்கும், மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் ஒரு தடவை மாற்றிக் கொஞ்சம் ஓட்டி, இன்னொரு தடவை மாற்றினால்தான் நிறம் தெளியும்.

கரடுமுரடு

இன்னொரு கேள்வி, ஸ்பானர் அண்ணனுக்கு. ஏடபிள்யூ4 வண்டி காட்டுக்குள் இப்படி நின்றுவிட்டால், ஃபியூஸை உருவிவிட்டுக் கையாலேயே மாற்றி வீடு வரை வரலாமா?

பழைய ஸ்பானர்

வரலாம், பலபேர் வந்திருக்காங்க. கவனிக்க வேண்டியது சூடு. சோலனாய்டுக்கு மின்சாரம் இல்லேன்னா லாக்-அப்பும் கிடையாது, கன்வர்ட்டர் எப்பவும் கொஞ்சம் வழுக்கிக்கிட்டேதான் வரும். அதனால தட்டையான சாலையில நிதானமா வாங்க. ஏத்தத்துல டி-யில திணறவிடாம 3க்கு இழுத்துக்கோங்க. மணல், சேறு, செங்குத்து ஏத்தம்னா டிரான்ஸ்ஃபர் கேஸை (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) லோ ரேஞ்சுல போட்டு 1-2ல ஏறுங்க, அப்போ கன்வர்ட்டர் மேல சுமை குறையும். இறுகின தார்ச் சாலைக்கு வந்ததும் லோ ரேஞ்சை எடுத்துடுங்க. இறக்கத்துல 1-2 போடணும்னா வண்டியை நல்லா மெதுவாக்கிட்டு, அப்புறம் போடுங்க.

உருவின ஃபியூஸைச் சட்டைப் பையில போடாம பாட்டரி பக்கத்துல டேப் வெச்சு ஒட்டிடுங்க, வீட்டுக்கு வந்து தேட வேண்டாம்.